ஆறலை கள்வரும் அரசனது ஆணையும்

வழிப்பறி செய்வோரைச் சுட்டப் பழந்தமிழில் பல சொற்கள் வழங்கினாலும், ‘ஆறலை கள்வர்’ என்ற தொடரே அந்தத் தொழிலை ஒளிவுமறைவின்றிச் சொல்வது. ஆறு என்றால் வழி. அலைத்தல் என்றால் வருத்துதல். வழியில் போவோரை மறித்து, அடித்து, கையிலுள்ளதைப் பறிப்போர் என்பது பொருள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் இத்தொடரைப் பயன்படுத்தும் இடம் சற்றே வியப்பானது. அங்கே அவர் கள்வரைப் பற்றிப் பேச வரவில்லை. யாழைப் பற்றிப் பேசுகிறார். ‘ஆறலை கள்வர் படைவிட அருளின் மாறுதலை பெயர்க்கும் மருவுஇன் பாலை’ என்று அந்த யாழின் இசையைப் புகழ்கிறார். கள்வர் தம் படைக்கலத்தைக் கீழே போடும் அளவுக்கு, அருளுக்கு மாறான மறம் அவர்கள் நெஞ்சைவிட்டு அகலும் அளவுக்கு இனிமையானது அந்த இசை. இதைக் கவிஞரின் மிகை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. பொருநரும் பாணரும் பரிசில் நாடி ஊர் ஊராக நடந்தவர்கள். திரும்பும்போது பொன்னும் துகிலும் சுமந்து வந்தவர்கள். வழியில் நிற்பவனின் மனம் மாறுமா என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கும்.

இந்தக் கள்வர் பழைய பாடல்களில் எப்படியெல்லாம் பெயர் பெறுகிறார்கள் என்று தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வழியை மறித்தல், மாட்டைக் கவர்தல், பொருளைப் பறித்தல் ஆகிய செயல்கள் ஒன்றாகவே இருக்க, செய்தவன் கொடியவனா வீரனா என்பதை அவன் நின்ற நிலம் யாருடையது, அவனை ஏவியது யார் என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

அகப்பாடல்களில் இவர்கள் வாழுமிடம் பாலை. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடக்க வேண்டிய வழியின் கொடுமையை எண்ணித் தலைவியோ தோழியோ கலங்குவதாகப் பாடுவது மரபு என்பதால், இப்பாடல்களில் வழிப்பறிக்காரன் எப்போதும் தொலைவிலிருந்து, அச்சத்தின் வழியாகவே காட்டப்படுகிறான். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டில் (283) ‘கூற்றத் தன்ன கொலைவேல் மறவர்’ வழியோரம் தங்கியிருந்து போவோரைக் கொல்ல, அழுகிய ஊனுக்காகப் பருந்து காத்திருக்கிறது. அதே புலவர் பாடியதாக வழங்கும், கலித்தொகையின் பாலைக்கலிப் பாட்டு ஒன்று இன்னும் கொடியது. அங்குள்ள மறவர் புலிப் பார்வையும் சுருண்டு வளர்ந்த தலைமயிரும் உடையவர்கள். வழிப்போக்கரிடம் கொள்ளப் பொருள் இல்லையென்றாலும், அவர்கள் துள்ளித் துடிப்பதைக் காண்பதற்காகவே துரத்தி உயிர் பறிக்கிறார்கள். பறவையும் பறக்காத வழி அது என்கிறார் புலவர்.

இவ்விடங்களில் வழங்கும் பெயர்களைக் கவனிக்க வேண்டும். மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ‘வம்பலர்’, அதாவது புதியவர், அந்த நிலத்துக்கு அயலார். மறிப்பவர் மறவர், மழவர், வேட்டுவரான எயினர், சில இடங்களில் வடுகர். ‘கள்வர்’ என்ற பழிச்சொல் வரும் இடங்கள் இவற்றை நோக்கக் குறைவு. மறவர் என்றால் மறம் உடையவர். போர்க்களத்தில் மன்னனுக்காக நிற்பவனுக்கும் அதே பெயர்தான். பிற்காலச் சாதிப் பெயர்களை இச்சொற்களின் மேல் ஏற்றி, இன்றைய ஒரு மக்கள் கூட்டத்தின் மூதாதையரைச் சங்கப் பாடலில் தேடிப் பிடித்துப் புகழ்வதும் இகழ்வதும் இன்றும் நடக்கிறது. இரண்டுக்கும் அப்பாடல்களில் இடமில்லை.

நகரத்துத் திருடனின் கதை வேறு. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவில் மதுரைத் தெருக்களில் திரியும் கள்வரைத் தொழிற்கருவிகளோடு நிறுத்திக் காட்டுகிறார். கல்லையும் மரத்தையும் துணிக்கும் கூர்மையான வாள், காலில் செருப்பு, தொடையில் செருகிய குறும்பிடிக் கத்தி, இருட்டோடு ஒன்றும் நீலக் கச்சை, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, நிலத்தை அகழும் உளி. இவர்களுக்கு அவர் வைக்கும் பெயர் ‘கண்மாறாடவர்’. கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும் ஆடவர். அவர்களைத் தேடிப் பதுங்கித் திரியும் ஊர்காப்பாளரும் நூல்வழி தவறாத நுட்பத் தேர்ச்சி உடையவர்கள் என்று புகழ்கிறார். இங்கே கள்வனும் காவலனும் கலை தெரிந்தவர்களாக நேர்நேர் வைக்கப்படுகிறார்கள். ஆறலை கள்வனுக்கு இந்த நுணுக்கம் எதுவும் தேவையில்லை. அவன் மறைவதில்லை, எதிரே வந்து நிற்கிறான்.

இந்த வேறுபாடு உரையாசிரியர்களுக்கும் தெரிந்திருந்தது. ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ எனத் தொடங்கும் குறளுக்கு (550) உரை எழுதும் பரிமேலழகர், அரசன் ஒறுக்க வேண்டிய கொடியோரைப் பட்டியலிடும்போது தீக்கொளுவுவார், நஞ்சிடுவார் முதலியோரோடு கள்வர், ஆறலைப்பார், சூறைகொள்வார் என்ற மூவரையும் தனித்தனியே எண்ணுகிறார். மறைந்து எடுப்பவன் ஒருவன், வழிமறித்துப் பறிப்பவன் இன்னொருவன், கூட்டமாகப் புகுந்து வாரிச் செல்பவர் வேறு என்ற பகுப்பு அது.

ஆனால் இந்தப் பகுப்பை ஒரே பாட்டுக்குள் வைத்துத் தலைகீழாக்கிக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படைதான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இப்பாட்டில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு முதலில் சொல்லும் செய்தியே வழிப்பயம் இல்லை என்பதுதான்.

‘அத்தம் செல்வோர் அலறத் தாக்கிக்
கைப்பொருள் வௌவும் களவேர் வாழ்க்கைக்
கொடியோர் இன்றுஅவன் கடியுடை வியன்புலம்’

களவையே ஏராகக் கொண்டு உழுது உண்பவர்கள் ‘களவேர் வாழ்க்கை’க் கொடியோர். அவர்கள் அவன் நாட்டில் இல்லை. அங்கே இடியும் இடிக்காது, பாம்பும் கடிக்காது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்று தொடர்கிறது. கள்வரை இடி, பாம்பு, விலங்கு வரிசையில் வைத்திருப்பது தற்செயலன்று. மூன்றும் அரசனின் செங்கோலுக்கு அடங்க வேண்டிய இயற்கைத் தீங்குகள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இதே பாட்டில் நூறு அடிகள் தள்ளி, அதே பாணன் அதே வழியில் இரவு தங்கத்தக்க ஓர் எயினர் குறும்பை, அதாவது காவல் அரண் உள்ள சிற்றூரைக் காட்டுகிறான். ஈந்தின் விதைபோலச் சிவந்த நெல்லின் சோறும், நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலும் அங்கே கிடைக்கும் என்கிறான். அடுத்து வருவது ஒரு மறக்குடி வீரனின் சித்திரம். யானை தாக்கினாலும், பாம்பு மேலே ஊர்ந்தாலும், இடி இடித்தாலும் கருவுற்ற பெண்ணும் அஞ்சி விலகாத குடி அது. அக்குடியில் பிறந்த ‘புலிப்போத் தன்ன புல்லணல் காளை’ வேட்டைநாய் போன்ற வில்வீரரோடு ‘கேளா மன்னர் கடிபுலம்’, அதாவது பகை மன்னரின் காவல் நிலம், புகுந்து விடியலில் பசுக்களைக் கவர்ந்து வருகிறான். அவற்றைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கிறான். வீட்டில் காய்ச்சிய தோப்பிக் கள்ளையும் குடிக்கிறான். மன்றத்தில் எருதை அறுத்துத் தண்ணுமை முழங்கப் பகலெல்லாம் ஆடுகிறான்.

இரண்டு பகுதிகளிலும் புலவர் ‘கடி’, ‘புலம்’ என்ற அதே சொற்களை வைத்திருப்பதைப் பார்க்க வேண்டும். கடி என்றால் காவல். முன்னது இளந்திரையனுடைய ‘கடியுடை வியன்புலம்’. பின்னது கேளா மன்னருடைய ‘கடிபுலம்’. இரண்டும் காவல் உள்ள நிலங்கள். இரண்டிலும் பேச்சு பிறர் பொருளைப் பறிப்பவனைப் பற்றியது. முதல் நிலத்தில் பறிப்பவன் கொடியோன், ஆகவே அவன் இல்லை என்பதே மன்னனுக்குப் புகழ். இரண்டாம் நிலத்தில் பறிப்பவன் வாட்குடிக் காளை, ஆகவே அவன் இருப்பதே மன்னனுக்குப் புகழ். எல்லைக்கோடு ஒன்று நடுவே ஓடுகிறது. அதைப் புலவர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

தொல்காப்பியம் இதை இலக்கணமாகவே வகுத்துவிடுகிறது. பகைவர் மாடுகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையை விளக்கும் நூற்பா ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல் மேவற் றாகும்’ என்கிறது. களவு என்ற சொல்லை அது ஒளிக்கவில்லை. வேந்து ஏவி விட்டிருக்க வேண்டும், புலம் வேற்றுப்புலமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால் களவு ஒரு திணையாகி, பூச்சூடி, துடி கொட்டிப் பாடப்படும் பொருளாகிவிடுகிறது. அதன் துறைகளை எண்ணும்போது வரும் ‘ஊர்கொலை’, ‘ஆகோள்’, ‘பாதீடு’ என்ற பெயர்கள் எந்தப் பூச்சும் இல்லாதவை. ஊரைக் கொல்வது, மாட்டைக் கொள்வது, கொண்டதைப் பங்கிடுவது.

இந்த ‘ஆகோள்’ ஏட்டுச் சொல் மட்டுமன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகல் ஒன்றில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்ற தொடரோடு தீயன் அந்தவன் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கூடலூரில் நடந்த மாடு கவர்தலில் இறந்தவனுக்கு நட்ட கல் அது. கவரச் சென்றவனா மீட்கச் சென்றவனா என்று கல் சொல்லவில்லை. கவர்ந்த பக்கம் நின்றவர்க்கும் கடவுள் நிலை கிடைத்தது என்பதற்கு அகநானூற்றின் 35ஆம் பாட்டை வைத்துக்கொள்ளலாம். ‘வில்லேர் வாழ்க்கை’ மறவர் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பிக் கள்ளும் செம்மறியும் பலி கொடுப்பதை அது பாடுகிறது. களவேர் வாழ்க்கை என்றால் கொடியோர். வில்லேர் வாழ்க்கை என்றால் பூசை செய்யும் மறவர். ஏர் என்ற உருவகம் இரண்டிலும் ஒன்றுதான்.

வேந்தன் ஏவாமல் ஒருவன் தானாகவே போய் மாடு கவர்ந்தால் என்ன பெயர்? பன்னிருபடலமும் அதன் வழிவந்த புறப்பொருள் வெண்பாமாலையும் ஆகிய இலக்கண நூல்கள் இதற்கும் இடம் தருகின்றன. மன்னன் ஏவிச் செய்வது ஒரு வகை, ‘தன்னுறு தொழில்’ இன்னொரு வகை, இரண்டும் வெட்சியே என்பது அவற்றின் கணக்கு. தொல்காப்பிய உரையில் இளம்பூரணர் இதை ஏற்க மறுக்கிறார். ஏவலின்றித் தன் நாட்டிலும் பிறர் நாட்டிலும் களவால் ஆநிரை கொள்பவர் அரசனது ஆணையை நீங்கினவர் ஆவர், ஆகவே அவர்கள் செயலை வெட்சியில் சேர்க்கலாகாது என்பது அவர் வாதம். தமிழ் மரபுக்குள் சட்டத்துக்குப் புறம்பானவன் யார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறையை நான் பார்த்ததில்லை. பறித்தது குற்றமா என்பதை அவர் எடைபோடவில்லை. ஆணைக்கு உள்ளே நின்றானா வெளியே நின்றானா என்பதே அவர் பார்த்தது.

ஆணையே அறம் தவறியதாக இருந்தால் என்ன ஆகும்? அகநானூற்றின் 109ஆம் பாட்டு இந்தக் கேள்வியை நடுங்க வைக்கும் ஒரு செய்தியாக வைத்திருக்கிறது. வழிப்போக்கனிடம் கைப்பொருள் இல்லை. ஆயினும் அவன் உயிரைப் பறிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டது ‘தப்பு’. அந்தத் தப்புக்காக அவர்கள் யானைத் தந்தமும் புலித்தோலும் இறை செலுத்த வேண்டும். வாங்குபவன் ‘அறனில் வேந்தன்’. கலித்தொகை மறவர் துடிப்பதைக் காணும் வெறியில் கொல்கிறார்கள். இந்த மலையில் கொல்லாமல் விட்டால் அபராதம். பறிப்பது அங்கே தொழில் என்ற நிலையைத் தாண்டி அரசனுக்குச் செய்யும் கடமையாகிவிட்டது. ஒரு காதல் பாட்டின் கடைசி நான்கைந்து அடிகளில், தலைவன் போகும் மலையைச் சொல்ல வந்த இடத்தில், இது அடைமொழியாகச் செருகப்பட்டிருக்கிறது.

திருவள்ளுவர் இதை நேராகவே சொல்லிவிடுகிறார். முன்னே சொன்ன 550ஆம் குறள் செங்கோன்மையின் கடைசிக் குறள். அங்கே கொடியோரைக் களையெடுப்பவன் வேந்தன். அடுத்த குறளில் கொடுங்கோன்மை தொடங்குகிறது: ‘கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து’. ஆறலை கள்வரின் பெயரிலுள்ள அதே ‘அலை’ இப்போது வேந்தனின் தொழிலாக வருகிறது. அதற்கடுத்த குறள்: ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’. வேலோடு நின்றவன் வழிப்பறிக் கள்வன் என்றே பரிமேலழகர் உரை சொல்கிறது. கொடு என்று அதட்டவில்லை, தாருங்கள் என்று பணிந்து கேட்டாலும் கோல் கையில் இருப்பதால் அது பறித்தலே என்பது குறளின் கூர்மை. மூன்று குறள்களின் தொலைவில் கள்வனை ஒறுப்பவன் கள்வனுக்கு ஒப்பானவனாகிவிடுகிறான்.

எல்லா இடத்திலும் கள்வர் என்ற சொல் பழியாகவே வருகிறது என்றும் நினைக்கக் கூடாது. மாமூலனார் அகநானூற்றின் 61ஆம் பாட்டில் வேங்கடத்துத் தலைவனைக் ‘கழல்புனை திருந்தடிக் கள்வர் கோமான்’ என்கிறார். அடுத்த அடியிலேயே ‘மாவண் புல்லி’ என்று அவன் கொடையைப் புகழ்கிறார். கள்வர்க்குக் கோமானாக இருப்பதும் வள்ளலாக இருப்பதும் அவருக்கு முரண்படவில்லை. குறிஞ்சிப் பாடல்களில் தலைவனையே ‘கள்வன்’ என்று தலைவி செல்லமும் சினமும் கலந்து சொல்வது தனிக் கதை.

சிலப்பதிகாரம் இந்தச் சொல்வழக்குகள் அனைத்தையும் ஒரு கதைக்குள் கொண்டுவந்து மோதவிடுகிறது. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் எயினர் வாழும் இடத்தில், கொற்றவையின் கோயிலான ஐயை கோட்டத்தில் இளைப்பாறுகிறார்கள். அங்கே தெய்வம் ஏறிய சாலினி எயினரைக் கடிந்துகொள்வது வேட்டுவ வரி என்ற காதையின் தொடக்கம். ஊர்களில் பசுக்கூட்டம் பெருகிவிட்டது, எயினர் மன்றுகளோ பாழ்பட்டன, மறக்குடிக்குரிய வழிவளம் சுரக்கவில்லை, ‘அறக்குடி போல் அவிந்தடங்கினர் எயினரும்’ என்கிறாள் அவள். அறக்குடி போல் ஆகிவிட்டீர்களே என்பது இங்கே வசை! கொற்றவைக்குக் கடன் கொடுக்காமல் வில்வெற்றி வாராது என்று அவர்களை மீண்டும் கொள்ளைக்கு ஏவுவதும் தெய்வத்தின் வாக்கே. காதையின் பிற்பகுதிப் பாடல்கள் அயலூர் அலறக் கவர்ந்த ஆநிரை யார் யார் முற்றத்தில் நிறைந்தது என்று கணக்குச் சொல்கின்றன. கள் விற்பவள், ஒற்றுப் பார்த்த கானவன், நிமித்தம் சொன்ன கணி, கொல்லன், துடியன், யாழ்ப்பாணர். தொல்காப்பியம் ‘பாதீடு’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததை இளங்கோவடிகள் வீடு வீடாகக் காட்டுகிறார். அந்த ஊரின் பொருளியலே அதில் இருக்கிறது.

அடுத்த காதையில் மூவரும் இரவில் புறப்படுகிறார்கள். செங்கோல் தென்னவர் காக்கும் நாடு இது. கரடி புற்றை அகழாது, புலி மானைத் தாக்காது, பாம்பும் முதலையும் இடியும் சார்ந்தவர்க்குத் துன்பம் செய்யா என்பது அவர்கள் நம்பிக்கை. பெரும்பாணாற்றுப்படையின் அதே வாய்பாடு. காட்டில் எயினர் நடுவே எந்தத் தீங்கும் நேராமல் வந்த கோவலன், அந்தச் செங்கோலின் தலைநகருக்குள் நுழைந்த பிறகுதான் கள்வன் ஆகிறான். பொற்கொல்லன் அவனைக் காட்டிக் கொடுக்க, ‘இலக்கண முறைமையின் இருந்தோன்’, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று காவலர் தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவுநூலையே ஓதிக் காட்டுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணை. ஆகவே நல்லவன் போன்ற தோற்றமே ஐயத்துக்குரியது என்பது அந்த வாதத்தின் நச்சுக் கொடுக்கு.

வழக்குரை காதையில் பாண்டியன் தன் செயலுக்குச் சொல்லும் நியாயம் ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’. சட்டப்படி அவன் சொன்னதில் பிழையில்லை. பிழை அந்தச் சொல்லை யார்மேல் ஒட்டினான் என்பதில் இருந்தது. சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் அவன் தானே அதை எடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறான்: ‘யானோ அரசன் யானே கள்வன்’. குறள் உவமையாக வைத்ததை இங்கே அரசனே தீர்ப்பாகச் சொல்லி உயிர்விடுகிறான்.

பக்தி இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு திருப்பம் நேர்கிறது. திருமுருகன்பூண்டியில் சுந்தரர் பாடிய பதிகம் வழிப்பறியின் நேரடி விவரிப்பு: வடுக வேடுவர் வில்லைக் காட்டி வெருட்டி, கல்லால் எறிந்து, மோதி, உடுத்திய கூறையையும் பறித்துக்கொண்டு ‘ஆறலைக்குமிடம்’. இப்படிப்பட்ட ஊரில், ‘எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே’ என்று அவர் சிவனைக் கேட்கிறார். வழிக்குக் காவல் இல்லாதபோது மன்னனிடம் கேட்க வேண்டிய கேள்வி தெய்வத்திடம் போகிறது. பறித்தவர்கள் வேடுவர் உருவில் வந்த சிவகணங்களே என்று பெரியபுராணம் சொல்லும்போது, ஏவியவரும் காவலரும் ஒருவரே என்று ஆகிவிடுகிறது.

திருமங்கையாழ்வார் வரலாறு பறித்தவன் பக்கமிருந்து சொல்லப்படுவது. ஆலிநாட்டுத் தலைவரான அவர் சோழனுக்குச் செலுத்த வேண்டிய பொருளை அடியார்க்கு அமுதிடுவதில் செலவழித்து, பின் அதே அறத்துக்குப் பொருள் வேண்டி வழிப்பறியில் இறங்கினார் என்பது வைணவ மரபு. திருமணங்கொல்லையில் மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மறித்தார் என்றும், அங்கே எட்டெழுத்து மந்திரம் பெற்றார் என்றும் அது தொடர்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் இராப்பத்தில் எட்டாம் நாளில் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருள, இந்த நிகழ்ச்சி வேடுபறி என்ற பெயரில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுகிறது. பெரிய திருமொழியின் முதல் பதிகத்திலேயே ஆழ்வார் ‘கள்வனேன் ஆனேன் படிறு செய்திருப்பேன்’ என்று சொல்லி, அதே பாட்டில் ‘சிக்கெனத் திருவருள் பெற்றேன்’ என்றும் சொல்கிறார். இளம்பூரணரின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், திறைப்பொருளைத் தன் அரசனுக்குச் செலுத்தாமல் தன்னுறு தொழிலில் இறங்கிய இவர் ஆணையை நீங்கினவர்தான். மரபு அதை மறைக்கவில்லை. அவர் யாருடைய ஆணைக்குள் வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் மாற்றிச் சொல்கிறது.